வலது கண்

செண்பகம் பஞ்சை எடுத்து அண்ணியின் இடது கண்ணோரத்தில் வைத்து அழுத்தினாள். கையை எடுத்ததும் மறுபடி ஒரு துளி எழுந்து மூக்கோரமாக இறங்கியது.

சவப்பெட்டி இன்னும் வரவில்லை. ரோசம்மாளைப் பெஞ்சில் கிடத்தி, தாடைக்குத் துணி கட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். காய்ச்சலில் கிடந்து விடியற்காலையில் அடங்கிய உயிர். உடம்பு சில்லிட்டுவிட்டது. அந்தக் கண் மட்டும் கசிந்துகொண்டே இருந்தது.

"செத்தப்புறமும் அழுவுதே மகராசி" என்றாள் வாசலில் ஒருத்தி.

"அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல." தலைமாட்டில் நின்ற புருஷன் அப்பாவு குரலை உயர்த்தினார். "கண்ணுலேர்ந்து மூக்குக்கு நீரு போற வழி அடைச்சிக்கினு கீது. மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணியும் நிக்கல."

சொல்லிவிட்டாரே தவிர அவரால் அங்கே நிற்க முடியவில்லை. பின்கட்டுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டார். கவரைப்பேட்டை அரிசி மில்லின் சங்கு ஊதி ஓய்ந்தது. இன்று அவர் மூட்டை தூக்கப் போகவில்லை.

செண்பகம் கை கழுவ வந்தாள். அப்பாவு கேட்டார். "டாக்டரு அன்னிக்கே கைய விரிச்சிட்டாரு இல்ல? இனிமே வழி இல்லன்னு ரோசா சொன்னா."

மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் தங்கைதான். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"அவரு அப்பிடி சொல்லலண்ணா."

"பின்ன?"

"உள்ள தழும்பு வளந்து மூடிக்கிச்சாம். மறுபடி தொறந்து கொஞ்ச நாளு டியூப் வுட்டு வச்சா சரியாப் பூடும்னாரு. அது வேணாம்னா நீரு தங்குற பைய எடுத்துடலாமாம். சீழ் புடிக்காது, ஆனா நீரு வடிஞ்சிக்கினுதான் இருக்கும். ரெண்டும் வேணாம்னா அப்பப்ப வந்து கண்ணுல மருந்துத் தண்ணி பீச்சிக்கினு போவணும். மொதல்ல சொன்னதே நல்லதுன்னாரு."

"இவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் வேணாம், இப்பிடியே கெடக்கட்டும்னு எய்ந்து வந்துட்டாங்க."

"பயந்துட்டாளா?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ரயில்ல வர்றப்ப கேட்டேன்." செண்பகம் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. "அது நின்னுட்டா எனக்கு பேஜாரா பூடும்டின்னாங்க."

ஆபரேசன் நடந்தது, லூர்து செத்ததற்கு அடுத்த வருஷம். ஒரே மகள். ஆரம்பாக்கத்து கோபாலோடு, வேற்று ஜாதிக்காரனோடு, போய்விட்டவள். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போன சேதி வந்தபோது அப்பாவு அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னார்: "அவ என்னிக்கோ செத்தாச்சி. இந்த ஊட்ல எவளும் அழக்கூடாது." ரோசம்மாள் உலையை இறக்கிக் கஞ்சி வடித்தாள். அன்று அவள் அழவில்லை.

பிறகு கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. சோறு போடும்போது முந்தானையால் துடைப்பாள். "இன்னா?" என்பார். "கண்ணுதான்" என்பாள். அவர் சாப்பிடுவார்.

அடைப்பு இடது கண்ணில். கத்தி வைத்ததும் இடது கண்ணுக்குத்தான்.

வேலிக்கழியைப் பிடித்தபடி அப்பாவு அந்த முந்தானையை நினைத்துப் பார்த்தார். அது இடது கண்ணுக்குப் போகும். அப்புறம் வலது கண்ணுக்கும் போகும். ராந்தல் வெளிச்சத்தில், எத்தனையோ சாப்பாட்டு வேளைகளில், இரண்டு கன்னங்களும் நனைந்திருந்தன. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உள்ளே போய்க் குனிந்தார். வலது கண் இறுக மூடி, காய்ந்திருந்தது.

சாயங்காலம் அடக்கம் முடிந்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினார். பஞ்சர் கடையில் குந்தியிருந்த கோபால் அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். கையிலிருந்த டியூபிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ரோசா போயிட்டா."

கோபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவு கேட்டார்.

"லூர்த எங்க வச்ச?"

ஏரிக்கரை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். புல்லும் கோரையும் மண்டிய வெளி. மேடு என்று எதுவும் தெரியவில்லை.

"போன மழையில கரை ஒடஞ்சி எல்லாம் சமமாப் பூட்ச்சி மாமா. வச்ச கல்லும் போச்சி. எனக்கே தெரியல. அத்தைக்குத்தான் தெரியும். வந்தாங்கன்னா நேராப் போயி நிப்பாங்க."

"அவ இங்க வருவாளா?"

"வருவாங்க மாமா. நான் ரோட்டாண்டயே நின்னுடுவேன்."

"எந்த எடத்துல நிப்பா?"

கோபால் கையை நீட்டினான். கை ஒரு பனைமரத்திலிருந்து இன்னொரு பனைமரத்துக்கு நகர்ந்து, திரும்பி வந்து, தாழ்ந்துவிட்டது.

அப்பாவு செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினார். சில எட்டுகளில் நின்றார். முன்னாலும் பக்கத்திலும் ஒரே மாதிரி புல். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.