மீன் போட்ட திரை

முதலில் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டு முன்னறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மர நாற்காலியில் அக்காவின் மகள். அவள் பஸ் ஓட்டுகிறவள். ஆகவே அது ஓட்டுநர் இருக்கை. அவளுக்குப் பின்னால் சோபாவில், பயணியாக, அக்கா. வாசற்கதவில் சாய்ந்தபடி நடத்துநர். உட்காரச் சொன்னோம், பஸ்ஸில் உட்கார்ந்து பழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, அக்காவின் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நான். நான்தான் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி.

ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே, ஓட்டுநருக்கும் கண்ணாடிக்கும் இடையில் வருகிற மாதிரி, கொடிக்கயிறு கட்டி, அதில் குளியலறைத் திரையைத் தொங்கவிட்டிருந்தோம். மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக். அதில் ஆரஞ்சு நிற மீன்கள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"டிக்கெட் எடுத்தாச்சா அண்ணி?" என்றார் நடத்துநர்.

"பாஸ் வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

நடத்துநர், ஓட்டுநராக இருந்த என் அத்தானோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடியவர். யாரைப் பார்த்தாலும் சில்லறை கேட்பார் என்பதால் அவர் பெயரே சில்லறை ஆகிவிட்டது. பெரிய காய்ச்சல் வந்த வருஷம் இருவருமே படுத்தார்கள். சில்லறை எழுந்து வந்தார். அத்தான் வரவில்லை.

அந்தக் காய்ச்சல் ஆள் பார்த்து வராது, எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அப்போது ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிப்போ வாசலில் இறந்தவர்களின் படங்களை மாட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பஸ் கழுவுகிற அம்மா ஒருவர். மாடியில் உட்கார்ந்து நேர அட்டவணை போடுகிறவர்களில் ஒருவர் படமும் இல்லை. இல்லாமல் இருப்பது நல்லதுதான். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் படிக்கட்டுக்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் எப்படிப் போனார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? எனக்கும் அத்தானுக்கும் ஒரே வயது, ஒரே சர்க்கரை வியாதி, ஒரே மாத்திரை. நான் வரி அலுவலகத்துக்காரன். அந்த வருஷம் முழுவதும் என் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலி வேறு. அதற்குப் பின்னால் நாள் முழுக்க ஊரே ஏறி இறங்கியது, இருமியது.

அதனால்தான் ஒருநாள் இந்தத் திரையைக் குளியலறையிலிருந்து கழற்றிக்கொண்டு போய்த் தன் இருக்கைக்கும் வாசல் படிக்கும் நடுவே கட்டினார். இரண்டே நாளில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மேற்பார்வையாளர் கழற்றச் சொல்லிவிட்டார் என்றார். "அவன் சொன்னா நீங்க கழட்டிடுவீங்களா? முதுகெலும்பு இல்லையா?" என்று அக்கா கேட்டதும், அவர் மீன்களைத் திரும்பக் குளியலறையில் மாட்டியதும் இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த மாதம் அவர் இல்லை. அக்கா அந்த மேற்பார்வையாளரைத் திட்டாத நாள் இல்லை. அத்தானையும் சேர்த்துத்தான்.

இப்போது காய்ச்சல் மறுபடி தலைகாட்டுகிறது. மகள் திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். அதே பஸ், அதே இருக்கை. தடுப்பு இல்லாமல் வாசலைத் தாண்டவிட மாட்டேன் என்று அக்கா நிற்கிறாள். போகாவிட்டால் வேலை போய்விடும் என்று மகள் நிற்கிறாள். நிர்வாகத்துக்கு எழுதிப் பார்ப்போம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கு வெளிச்சம் பட்டு ஓட்டுநரின் பார்வையை மறைக்கும், ஆகவே தடுப்புத் திரை கூடாது என்பது மகள் வாயால் கேட்டபோதே நிர்வாகம் சொன்ன பதில். நான் கண்ணால் பார்க்காததைக் கடிதத்தில் எழுதுவதில்லை. பார்த்துவிட்டே எழுதுவோம் என்றேன். "இதெல்லாம் எதுக்கு சார், பேசாம எழுதிடுங்க" என்று சில்லறை இரண்டு தரம் முணுமுணுத்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. சில்லறை சோபாவுக்குப் பின்னால் சமையலறை வாசலில் போய் நின்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறவர் மாதிரி வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினார். மகள் திரை வழியாக என் கண்ணாடியைப் பார்த்தாள்.

"தெரியுது."

"இப்ப பஸ்ல விளக்கு போட்டாச்சு" என்று சொல்லி அக்கா எட்டி சுவிட்சைத் தட்டினாள்.

மகள் கழுத்தை முன்னும் பின்னும் நீட்டினாள். "சில்லறை சித்தப்பா, கைய ஆட்டுறீங்களா?"

"ஆட்டி ஆட்டிக் கை வலிக்குதும்மா."

"ஒண்ணும் தெரியல. டியூப்லைட் தெரியுது. மீன் தெரியுது."

"நீயும் அப்பனை மாதிரியே பேசு! எந்திரி!" அக்கா எழுந்து வந்து மகளைக் கிளப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைச் சரியாகப் பிடித்தேன். நான் இருந்த இடத்திலிருந்து அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்குத் திரையில் தெரிந்தது அவள் முகம்தான். அதன் மேல் நீளமாக ஒரு வெளிச்சக் கோடு.

இடமும் வலமும் சாய்ந்து பார்த்தாள்.

"இப்படியா ஓட்டினாரு?" என்று கேட்டாள், திரும்பாமலே.

சில்லறை கைக்குட்டையை மடித்தார். "ரெண்டு நாள் அண்ணி. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தை, பஸ் ஓரமா ஓடி வந்துச்சு. அண்ணனுக்குத் தெரியல. நான் கத்தினேன். பிரேக் போட்டாரு. அந்தப் பொண்ணு பாட்டுக்குப் போயிடுச்சு. இவரு வண்டியை எடுக்கவே இல்லை. அப்புறம் அவரே முடிச்சை அவுத்து, மடிச்சு, சீட்டுக்கு அடியில வச்சாரு. யாரும் சொல்லல."

"மேற்பார்வையாளரு..."

"அந்த ஆளு மறுநாள் வந்துதான் கூடாதுன்னாரு. அப்ப கட்டியிருக்கவே இல்லை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவரை விடுவீங்களா? கண்ணு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, கட்டிக்கிட்டே ஓட்டுங்கன்னு நிப்பீங்க."

"நிப்பேன்தான்" என்றாள் அக்கா. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே தம்பி. ஒரு வருஷமா அந்த மனுஷனைக் கோழைன்னு திட்டிட்டு இருக்கேன்."

"வாய் வரைக்கும் வரும் அண்ணி. அண்ணன் சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள், பார்க்காமலே. "உங்கப்பா என்னமோ பயந்துட்டாருன்னு நினைச்சேன்டி. ஆமா, பயந்துதான் இருக்காரு. யாருக்கோ பொறந்த குழந்தைக்காக."

பிறகு எழுந்து, கொடியில் துணியைச் சரிசெய்கிற அதே வேகத்தில் கயிற்றை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிக் கட்டினாள். திரையின் கீழ் ஓரத்தைத் தன் பக்கம் இழுத்து நாற்காலிக் காலில் முடிந்தாள். திரை சாய்ந்து நின்றது. மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"போய் நில்லுங்க தம்பி."

சில்லறை போனார்.

"மங்கலா இருக்கு. ஆனா தெரியுது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியுது, தெரியுது. ஆட்டாதீங்க, கை வலிக்கப்போகுது."

நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

"வெளிச்சம் அடிக்கிறதை எழுதாதீங்க மாமா. அதையே பிடிச்சுக்குவாங்க" என்றாள் மகள்.

"எழுதுடா" என்றாள் அக்கா. "வெளிச்சம் அடிக்கிறது நிஜம், நாங்களே பார்த்தோம்னு எழுது. டிப்போவுல அவங்க கவுன்ட்டருக்குக் கண்ணாடி போட ஒரு வாரம் ஆச்சு. அதுல வெளிச்சம் அடிக்கலியா? அடிச்சிருக்கும். ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணியிருப்பாங்க. இங்க மட்டும் வெளிச்சம் அடிக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. நமக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு, அதுலயும் பாதி நேரம் நான் அழுதேன்."

அப்படியே எழுதினேன், அழுததை மட்டும் விட்டுவிட்டேன். திரையைச் சாய்த்துக் கட்டிய விதத்தை ஒரு படமாகவும் வரைந்தேன். இதைவிட நல்ல தடுப்பைத் தெரிந்தவர்களை வைத்துச் செய்துகொடுங்கள், அதுவரை எங்களுடையதைக் கட்டிக்கொள்ள எழுத்தில் அனுமதி கொடுங்கள், கொடுத்தால் என் மகள் வண்டியை எடுப்பாள் என்று அக்கா சொல்லச் சொல்லக் கடைசிப் பத்தி. படம் மாட்டப்பட்டவர்கள் எல்லாரும் படிக்கட்டுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்பதையும் சேர்க்கச் சொன்னாள். கோபமில்லாத ஒரு வாக்கியமாக அதை எழுதக் கஷ்டப்பட்டேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சில்லறை தன் பணி எண்ணையும் போட்டார்.

"திரையை இவ எடுத்துட்டுப் போயிட்டா நீங்க எப்படிக் குளிப்பீங்க அண்ணி?"

"கதவைச் சாத்திட்டுக் குளிப்பேன். உங்களுக்கு என்ன கவலை?"

உறையை ஒட்ட நாக்கை நீட்டினேன். "மாமா!" என்று மகள் கத்தினாள். அக்கா டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து ஓரம் முழுவதும் தடவி, அழுத்தி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். மீன்களையும் அப்படித்தான் மடித்துப் பையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் நானும் மகளும் டிப்போவுக்குப் போனோம். தபால் வாங்கும் கவுன்ட்டரில் கெட்டியான கண்ணாடி, அடியில் கை நுழைகிற அளவு திறப்பு. மகள் திரை இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து உறையை உள்ளே தள்ளினாள். அந்தப் பக்கம் ஒரு பெண் அதை இழுத்து, முத்திரை குத்தி, நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு?"

"மேலாளருக்கு" என்றாள் மகள். "இன்னைக்கே போகணும். பதில் வர்ற வரைக்கும் நான் இங்கதான் நிக்கிறேன்."