மலேசியாப் பலகை

மர அறுவை வாள் ஓடத் தொடங்கியதும் நஜீமுதீன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான்.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்று திரும்பிய அறுவைக்கார மாரப்பன், அவன் முகத்தைப் பார்த்ததும் விலகி நின்றான்.

மேடையில் பர்மா தேக்கு கிடந்தது. காலையில் இறந்துபோன மகளின் கப்ருக் குழிக்குள் மூடும் பலகைக்காக மாமா கியாசுதீன் தானே தேர்ந்தெடுத்த மரம்.

"என்ன மாப்ளே? சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுக்கோணும். எம்பொண்ணுக்கு இதுதான்."

நஜீமுதீன் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. மஞ்சள் காமாலை அவன் மனைவி சைதுன்னிசாவைக் கொண்டுபோய்விட்டது. அவனுக்கு இன்னும் அழுகைகூட வரவில்லை.

பல்லடம் ரோட்டு மரக்கடை மாமாவுடையது. எந்த மரம் வாங்குவது என்று சொன்னவள் அவள். பொருளாதாரம் படித்தவள்.

"பர்மாக்காரன் யானையை வெச்சு ஒண்ணொண்ணா இழுக்கறானுங்க, அத்தா. கொஞ்சமாத்தான் வரும், வெலை ஏறிட்டேதான் போகும். மலேசியாக்காரன் கப்பல் கப்பலாத் தள்ளறான். காடு தீருதுன்னு அவனும் ஒருநாள் நிறுத்துவான். அதுக்குள்ள வாங்கிப் போடுங்க."

தூத்துக்குடித் துறைமுகத்தில் மரத் தரகர்கள் சிரித்தார்கள். "பொண்ணு பேச்சைக் கேட்டு பாய் வெறகு வாங்குறாரு!"

அந்த விறகுதான் பனியன் கம்பெனித் தொழிலாளிகள் கட்டிய வீடுகளுக்கெல்லாம் நிலையும் ஜன்னலும் ஆனது. வாங்கியவர்களை அவள் ஏமாற்றியதில்லை. பர்மாதான் உசத்தி என்று சொல்லிவிட்டே மலேசியாவை விற்றாள். குளியலறைக் கதவுக்கும் பர்மாதான் வேண்டுமென்று நின்ற ஒரு முதலாளியிடம், "ஏனுங்க, கக்கூஸ் கதவு உங்க பேரனோட பேரன் காலம் வரைக்கும் நிக்கோணுங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மலேசியாவை வாங்கிப் போனார்.

அப்படிப்பட்டவள் ஒன்றை மட்டும் தன் அத்தாவிடம் சொல்லாமல் விட்டிருந்தாள். இனி சொல்வதென்றால் நஜீமுதீன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மாமா தாங்குவாரா? சொல்லாவிட்டால் அவள் இந்தத் தேக்குக்கு அடியில் கிடப்பாள்.

"பர்மா வேண்டாங்க மாமா. அவளுக்குப் பிடிக்காது."

"பிடிக்காதா? எப்பச் சொன்னா?"

"மாமியை அடக்கம் பண்ணின அன்னைக்கு."

மாமாவின் கை தேக்கின் மேலேயே நின்றது. மாமிக்கு அவர் போட்டதும் பர்மாதான்.

"என்ன சொன்னா? முழுசாச் சொல்லுங்க."

"பர்மா லேசுல மக்காது. மண்ணுக்குப் போறவங்க மேல அதைப் போட்டா, அம்மா எப்பத்தான் மண்ணாகறதுன்னு கேட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"நீங்க அவ்வளவு தேடி எடுத்துட்டு வந்தீங்களாம். சொல்ல மனசு வரலைன்னா."

மாமா மேடையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தலைத்தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி வைத்துக்கொண்டார்.

"மாரப்பா, இதை எறக்கு. மலேசியாவை ஏத்து."

"சரிங்க பாய்."

வாள் மறுபடி ஓடியது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கபரஸ்தானில் நஜீமுதீன் மேலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தான். குழிக்குள் இறங்கியிருந்த மாமா வாங்கி வாங்கி அடுக்கினார். கடைசிப் பலகை சரியாகப் பொருந்தியது. உள்ளே பொத்தல் உண்டா என்று மரக்கடைக்காரர்கள் பார்ப்பதுபோல, அவர் பழக்கத்தில் விரல் முட்டியால் அதைத் தட்டினார்.

பிறகு தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

மேலே மண்வெட்டியோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள்.