நீல நாடா

சின்னமனூர் வாழை ஏற்றுமதிக் கொட்டகையில் மேலாளர் கர்ணன் மைக்கில் பேசும்போது வாழை விவசாயி கருத்தம்மாளும் கூட்டத்தில்தான் இருந்தாள்.

"கருத்தம்மாள் எடைக்கு ஆசைப்பட்டு காய முத்தவிட்டு வெட்டியிருக்காங்க. துபாய்ல கன்டெய்னரத் திறந்தா, காயா இருக்க வேண்டியதெல்லாம் பழம். கம்பெனி காய் வாங்குற பட்டியல்ல இருந்து அவங்க பேரை எடுத்தாச்சு."

நூறு விவசாயிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோட்டத்தில் இன்னும் முந்நூறு தார் வெட்டுக்கு நிற்கின்றன. பேர் போனால் அதைச் சீந்த ஆள் வராது. அதுகூடப் பரவாயில்லை. ஆசைக்காரி என்று பட்டம் கட்ட இந்த ஆள் யார்?

விஷயம் நேற்றே காதுக்கு வந்துவிட்டதால் அவள் வெறுங்கையோடு வரவில்லை. விறுவிறுவென்று போய் பையை மேசையில் கவிழ்த்தாள். அத்தனையும் நீல நாடா, போன வெட்டில் தார்களிலிருந்து அவிழ்த்தவை.

"எண்ணிப் பாருங்க சார். இருநூத்திப் பதினாலு. ஒண்ணு நிறம் மாறியிருந்தாலும் என் பேர எடுங்க."

பூ தள்ளிய வாரத்துக்கு ஒரு நிறமாக நாடா கட்டச் சொன்னது கம்பெனி. கப்பல் பத்து நாளில் துபாய் சேரும், பதினோராம் வாரம் வெட்டு என்று கணக்குப் போட்டதும் கம்பெனி. அந்த வெட்டுக்குரிய நிறம் நீலம்தான்.

கர்ணன் நாடாவைத் தொடவே இல்லை. "அப்புறம் எப்படிம்மா பழுக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கேன். கப்பல் எத்தன நாள்ல போச்சு?"

அவர் பட்டியலைப் புரட்டினார். தரம் பார்க்கும் ஹேமாவதிக்குத்தான் பொறுக்கவில்லை.

"பதினேழு நாளு, அக்கா. இனி கப்பல மெதுவாத்தான் விடுவோம், எண்ணெய் மிச்சம், புகையும் குறையும்னு கப்பல்காரக லெட்டர் போட்டிருந்தாக. வெட்டுக்கு மூணு வாரம் முன்னாலயே வந்துச்சு. சார் கையிலதான் குடுத்தேன்."

"புகை குறையட்டும், நல்லதுதான. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு வாரம் முன்னாலயே வெட்டியிருப்பேன்ல!"

கர்ணன் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். குரலும் இறங்கியது.

"முன்னால வெட்டினா எடை குறையும்மா. டன் குறைஞ்சா மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். அதான் லெட்டரை வெளியில விடல. உங்க பேரைச் சேர்த்துடறேன். பேசாமப் போய் உக்காருங்க."

பேர் திரும்பக் கிடைத்துவிட்டது. முந்நூறு தாரும் தப்பித்தன. ஆனால் அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. எடைக்கு ஆசைப்பட்டவன் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டு, இப்போது ரகசியமாகச் சமாதானம் பேசுகிறான்!

கருத்தம்மாள் அவர் கையைப் பிடித்து மைக்கிலிருந்து விலக்கினாள்.

"இப்பச் சொன்னீகள்ல, அத இதுல சொல்லுங்க."