மூன்றாவது கூப்பாடு

காலையில் தின்ற இரண்டு இட்லியும் ஆபீஸ் கொல்லையில் வாழை மரத்தடியில் கிடந்தன. குழந்தைராஜ் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்பதரை. பத்தே காலுக்கு அவன் முதல் பேரைக் கூப்பிட வேண்டும்.

வேலை அவ்வளவுதான். பேர் கூப்பிடுவது.

குடவாசலில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, குத்தகைப் பதிவுக்கென்று தனி தாசில்தார் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். யார் நிலத்தை யார் உழுகிறார்கள் என்று பதிவேட்டில் ஏற்றச் சொல்லிச் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேர் ஏறிவிட்டால் அந்த ஆளை லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? 'இவன் குத்தகைக்காரனே இல்லை, எங்கள் கூலியாள்' என்று ஆட்சேபணை மேல் ஆட்சேபணை. தினம் பத்து விசாரணைக்குக் குறையாது. வாசலில் டவாலி நின்று பேரைக் கூப்பிட, ஆள் உள்ளே வர வேண்டும்.

இன்றைக்கு முதல் அந்த டவாலி குழந்தைராஜ்தான். வயது இருபத்திரண்டு. தோளில் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. பட்டையில் முந்தைய டவாலியின் வியர்வை வாடை இன்னும் போகவில்லை. அவர் ஏன் வேலையை விட்டுப் போனார் என்று கேட்டான். கிளார்க் ஜெகபர் அலி காதில் விழாத மாதிரி பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேருக்கு மூணு கூப்பாடு" என்றார் பிறகு. "ஒவ்வொண்ணுக்கும் முன்னால நான் மணி தட்டுவேன். மூணாவதுக்கும் ஆள் வரலைன்னா 'ஆஜரில்லை'ன்னு எழுதிப் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் அவன் நிலம் போன மாதிரிதான். புரியுதா?"

குழந்தைராஜ் தலையாட்டினான்.

"வாயால சொல்லுப்பா. கூப்பிடற வேலைக்கு வந்துட்டுத் தலையை ஆட்டினா?"

"புரியுது சார்."

"நல்லா இருக்கு. இது சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற குரல்."

அதுதான் அவன் பயமே. நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு முறை மாதா கோயிலில் பூசை நடுவே பைபிள் நிருபம் வாசிக்க ஏற்றிவிட்டார்கள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஊரே ஒரு மாதம் சிரித்தது. வேலை உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து தினமும் சோழசூடாமணி ஆற்றங்கரைக்குப் போய், இல்லாத ஆட்களின் பேரையெல்லாம் அக்கரைக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். ஆள் இல்லாத இடத்தில் குரல் ஜோராகப் போனது. அக்கரை நாய்கள்கூட பதில் குரைத்தன. ஆனால் இங்கே வாசலில் நாற்பது பேர்.

வயிற்றைச் சமாதானப்படுத்த எதிர்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஜவ்வாது வாசனை. வெள்ளை வேட்டி. தெருவில் ஒரு ஜீப். போன தேர்தல்வரை அதில் வேறு கொடி பறந்தது, இப்போது கறுப்பு சிவப்பு.

"தம்பி புதுசா?" என்றார் அந்த ஆள். "நான் இராஜாங்கம். மிராசுதார் வீட்டுக் காரியக்காரன். உங்க அம்மா ஆரோக்கியம் சௌக்கியமா?"

டீ குழந்தைராஜின் விரலில் சிந்தியது. அம்மா பேர் இவருக்கு எப்படித் தெரியும்?

"கன்னியர் மடத்துல சமையல். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிஞ்சு, வாய்க்கால் கரையோட தனியா நடந்து வருவாங்க. நல்ல மனுஷி." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஏழாவது பேரை மட்டும் கொஞ்சம் மெதுவா கூப்பிடு தம்பி. முதல் நாள், தொண்டை கட்டிக்கிச்சுன்னா யாரு என்ன சொல்லப்போறா?"

டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பத்தே கால். மணி அடித்தது.

முதல் ஆறு பேரும் எப்படியோ ஒப்பேறிவிட்டன. வாசலை ஒட்டி நின்றவர்கள் பேரை வாங்கி, பின்னால் இருந்தவர்களுக்கு அஞ்சல் செய்தார்கள். மூன்றாவது பேருக்குக் குரல் கீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள்.

பட்டியலில் ஏழாவது வரி: 'கட்டையன் (எ) கண்ணுசாமி, த/பெ மருதையன், வயது 50.'

ஐம்பது வயது ஆளை நாலு பேர் நடுவில் கட்டையன் என்பதா? மரியாதையாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டான்.

மணி.

"மருதையன் மகன் கண்ணுசாமி..."

வந்தது தன் குரலா, இராஜாங்கம் கேட்ட குரலா என்று அவனுக்கே தெரியவில்லை. படியைத் தாண்டவில்லை அது. தூண் ஓரம் நின்ற இராஜாங்கம் லேசாகத் தலையசைத்தார். சபாஷ் என்கிற மாதிரி.

மணி. இரண்டாவது.

"மருதையன் மகன் கண்ணுசாமி."

இந்தத் தடவை கொஞ்சம் கேட்டது. நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. பூவரச மரத்தடியில் குந்தியிருந்த ஒரு குள்ள மனிதர், காதைக் கையால் குவித்துக்கொண்டு இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அசையவில்லை. ஆள் வரவே இல்லையோ? வரவிடாமல் வழியிலேயே மறித்துவிட்டார்களோ?

இராஜாங்கத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. நிறைந்த மனசோடு மரத்தடிப் பக்கம் திரும்பி, வழக்கமான குரலில் சொன்னார்: "டேய் கட்டையா, என் செருப்பு வெயில்ல கெடக்கு பாரு. எடுத்து நிழல்ல போடு."

குள்ள மனிதர் துள்ளி எழுந்தார். ஓடிவந்து படியடியில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்தார்.

குழந்தைராஜ் காகிதத்தைப் பார்த்தான். கட்டையன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒற்றை எழுத்து. எ. என்கிற.

ஆள் வந்திருக்கிறார். காதைக் குவித்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருக்கிறார். கூப்பிட்டவன்தான் அவரை அவர் பேரால் கூப்பிடவில்லை.

மணி. மூன்றாவது.

வாய்க்கால் கரை கண்ணில் வந்தது, அதில் கூடையோடு தனியாக நடக்கிற அம்மா. இராஜாங்கம் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். உள்ளே ஜெகபர் அலி பேனாவை எடுப்பது தெரிந்தது. 'ஆஜரில்லை' எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

குழந்தைராஜ் கண்ணை மூடிக்கொண்டான். எதிரே ஆறு. அக்கரை. நாய்கள்.

"கட்டையன் என்கிற கண்ணுசாமி. மருதையன் மகன் கட்டையன் என்கிற கண்ணுசாமி."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். தெருக்கோடியில் வண்டிமாடு மிரண்டது.

செருப்பும் கையுமாகக் குள்ள மனிதர் நிமிர்ந்தார். "என்னையா கூப்பிட்டீங்க?"

"உங்களைத்தாங்க. உள்ள வாங்க."

"அய்யன், சாமின்னு மட்டுந்தான் காதுல விழுந்திச்சு, யாரோ பெரிய வீட்டு ஆளுங்கன்னு இருந்துட்டேன். கூட வர்றேன்னு சொன்ன விவசாய சங்கத்துக்காரரை வேற காலையில போலீசு கூட்டிட்டுப் போயிடுச்சு." செருப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதோடேயே உள்ளே நுழைந்தார்.

தாசில்தார் குரல் வாசல்வரை கேட்டது. "கையில என்னய்யா?"

"காரியக்காரரு செருப்புங்க."

"நீ குத்தகைக்காரனா, அவங்க வீட்டு வேலைக்காரனா?"

குழந்தைராஜ் நிலைப்படி ஓரமாக நகர்ந்தான். போச்சு. ஒரு செருப்பில் எல்லாம் போச்சு.

"ஏழு மா நெலம் உழுவுறேங்க. செருப்பும் எடுத்து வைக்கிறேங்க."

உள்ளே பதிவேட்டின் பக்கங்கள் புரண்டன.

"அதைக் கீழே வை. உன் வயலுக்கு நாலு எல்லை சொல்லு."

"கெழக்க பொதுவாய்க்கா, மேக்க ரெத்தினம் வயலு, தெக்க இலுப்பைத் தோப்பு, வடக்க எங்கப்பன் வெட்டுன வடிகாலு. ஈசானி மூலையில ஒரு உவர்த் திட்டு இருக்கு, அங்க மட்டும் நெல்லு பிடிக்காதுங்க." மூச்சு விடாமல் வந்தது.

ஜெகபர் அலியின் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் எழுதியது. 'ஆஜரில்லை' என்பதற்கு அத்தனை நேரம் வேண்டாம்.

இராஜாங்கம் வெறுங்காலோடு படியருகே வந்தார். "தம்பிக்கு நல்ல தொண்டை" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே கால். அஞ்சுக்கு இன்னும் நேரம் இருக்கு." சுடுமண்ணில் குதிகாலை மாற்றி மாற்றி வைத்து ஜீப்புக்குப் போனார். செருப்பைக் கேட்கவில்லை.

குழந்தைராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "சார், அம்மா மடத்துல இருந்து வர்ற நேரம்... நாலரைக்கு நான் போகலாமா?"

"போ. நானும் சைக்கிளை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார் ஜெகபர் அலி, தலை நிமிராமல்.

"முந்தின டவாலி ஏன் சார் போனாரு?"

பேனா நின்றது. "அவரு மெதுவா கூப்பிட்டாருப்பா. பேரை அடிச்சு நிலம் போன ஒரு பொம்பளை இந்தப் படியில நின்னு மண்ணை வாரித் தூத்தினா. மறுநாள் அவரு வரலை."

சொல்லிவிட்டு மணியைத் தட்டினார்.

எட்டாவது பேர். குழந்தைராஜ் வாசலுக்குத் திரும்பினான். காகிதத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஓர் எழுத்தையும் விடாமல் முதலில் மனசுக்குள் படித்தான். பிறகு வாயைத் திறந்தான்.