சப்பாத்து நாடகம்

எங்கள் சங்கத்தின் கலைவிழாவுக்கு வருகிற நாடகங்களை வாசித்து, மேடைக்கு ஆகும், ஆகாது என்று சொல்லுகிற வேலை என்னுடையது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பகல் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவனுக்கு அதற்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். வேறு ஒருத்தனும் வாசிக்கமாட்டான், அதுதான் தகுதி.

2006 ஒக்ரோபரில் மரியமலர் மச்சாள் கையால் எழுதிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். பத்து வருடத்துக்கு முன் மன்னாரில் ஆமி பிடித்துக்கொண்டு போன என் அண்ணன் சில்வெஸ்டரின் மனைவி. அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நவம்பரில் தேவாலயத்தில் நடக்கும் இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பெயரையும் வாசிக்கக் கொடுப்போம் என்று மச்சாள் வருடாவருடம் கேட்பார். நான் வருடாவருடம் சத்தம் போட்டு மறுப்பேன். உயிரோடு இருக்கிற மனுசனை நானே சாகக் கொடுப்பதா? இங்கே அண்ணனுக்கு இரத்த உரித்து நான் ஒருவன்தான். என்னை மீறி மச்சாள் கொடுக்கமாட்டார்.

“என்ன மச்சாள், நாடகமோ?”

“ஓம். பகிடி நாடகம். வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.”

பகிடிதான். காணாமல் போன ஒருவருக்கு அவர் தம்பி ஒவ்வொரு வருடமும் யேசு பிறந்த நத்தாருக்குப் புதுச் சப்பாத்து வாங்கி வருகிறான். “வந்த மனுசன் வெறுங்காலோடையோ நிக்கிறது?” என்பது அவன் நியாயம். சாப்பாட்டு மேசையில் பாணுக்குப் பக்கத்தில் சப்பாத்து, மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் சப்பாத்து. காணாமல் போனவரின் மனைவி தன் செருப்பை வைக்க இடமில்லாமல் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சமைக்கிறாள். நான் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரி எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள். நாடகத்துத் தம்பியை, யாரடா இந்த விசரன் என்றுதான் யோசித்தேனே தவிர, என்னை நினைக்கவில்லை. எங்கள் ஊரில் ஆள் காணாமல் போகாத வீடு எது?

ஏழாம் பக்கத்தில் அந்தத் தம்பி கடையில் சப்பாத்தைத் தன் காலில் போட்டுப் பார்க்கிறான். “எனக்கு அளவெண்டால் அண்ணைக்கும் அளவுதான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அது என் வசனம். சப்பாத்துக்கு அல்ல, கடையில் மேலுக்குப் போட்டுப் பார்க்கிற சேட்டுக்கு. மச்சாள் இங்கே வந்த பிறகு ஒன்பது நத்தார். ஒன்பதுக்கும் அண்ணனுக்கென்று சேட்டு வாங்கி மச்சாளின் கையில் கொடுத்திருக்கிறேன்.

நேரே அவருடைய ஒற்றை அறை வீட்டுக்குப் போய்க் கொப்பியை மேசையில் அடித்தேன்.

“ஊர் சிரிக்க என்னை மேடையிலை ஏத்தப்போறியளோ?”

“நீங்கள் சிரிச்சியளோ மச்சான்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சிரிச்சனான்.”

“நான் வாயாலை சொன்னால் நீங்கள் கேக்கிறியள் இல்லை. அதுதான் எழுதினனான்.”

கடைசிப் பக்கத்தை விரித்தார். சுவாமியார் அந்தத் தம்பியிடம், “இறந்தவையின்ரை பூசையிலை பேரை வாசிக்கவோ?” என்று கேட்கிறார். அதன் கீழே தம்பி என்ற பெயர் மட்டும் இருந்தது, பதில் இல்லை.

“உங்கடை பதில் தெரியாமல் முடிக்க ஏலாது,” என்றார்.

மேடைக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கதவில் தொங்கிய அவருடைய குளிர்க் கோட் கண்ணில் பட்டது. எப்போதும் அங்கேதான் தொங்கும். ஒழுங்கில்லாத மனுசி என்று நான் பலதடவை நினைத்திருக்கிறேன். நாடகத்தில் செருப்பு வைக்க இடமில்லாத மனைவி நினைவுக்கு வர, போய் அலுமாரியைத் திறந்தேன்.

அந்தச் சின்ன அலுமாரியில் ஒன்பது சேட்டும் விலைத்துண்டு கழற்றாமல் வரிசையாகத் தொங்கின. மச்சாளின் உடுப்புகள் கீழே ஒரு சூட்கேசில் கிடந்தன. முதலாவது சேட்டு ஒல்லி ஆளுக்கானது. அந்த வருடம் நானும் ஒல்லி. கடைசிச் சேட்டை என் உடுப்புக்கு மேலாலேயே மாட்டினேன். தொப்பைக்கு மேல் பொத்தான் சுகமாகப் பூட்டியது. கடவுளே, எல்லாம் என் அளவு. தின்று கொழுத்தது நான்.

“அண்ணையின்ரை அளவு எனக்கு மறந்துபோச்சு மச்சாள்.”

“கழுத்துப் பதினாலரை,” என்றார் உடனே.

பேனையை எடுத்தேன். தம்பியின் பெயருக்குக் கீழே, ‘வாசியுங்கோ சுவாமி’ என்று எழுதிக் கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன்.

ஒன்பது வருடம் இதைத்தான் கேட்டவர். அந்த இரண்டு சொல்லையும் வாசித்துவிட்டு, அன்றைக்குத்தான் சாவுச் செய்தி வந்ததுபோலத் தலையில் அடித்துக் குழறினார். நான் அண்ணனின் சேட்டோடு நின்று அழுதேன்.