இரண்டு பக்கமும் சுழிக்காரி

அந்தக் குதிரைப் பண்ணையில் பிறந்து பெரிய கோப்பையை வென்றவன் ஒருவன்தான். பந்தயத்துக்கென்று அவனுக்கு வாய்கொள்ளாத பெயர் ஒன்று இருந்தது. லாயத்தில் எல்லோரும் சோம்பேறி என்றுதான் கூப்பிட்டார்கள். தீவனத்தை முன்னால் வைத்தாலும் எழுந்திருக்க யோசிப்பான். ஓடுதளத்தில் கால் வைத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். அவன் வென்ற நாளிலிருந்து பண்ணைக்காரரின் பேச்சுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அவர் தொண்டையைச் செருமினால் மற்ற பண்ணைக்காரர்கள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

அவர் சொன்னதெல்லாம் ஒரே விஷயம். பல வருஷங்களுக்கு முன் அவர் லாயத்தில் சுழிக்காரி என்று ஒரு பெண் குதிரை இருந்தாள். நெற்றியில் அடுத்தடுத்து இரண்டு சுழி. அவளுடைய ரத்தம் அப்பன் வழியாகவும் அம்மா வழியாகவும் ஒரே குட்டியில் வந்து சேர்ந்தால் அந்தக் குட்டி ஓடாமல் இருக்காது என்பார். சோம்பேறி அப்படிப் பிறந்தவன்தான். அவனைப் பெற்ற இருவருக்குமே சுழிக்காரி பாட்டி முறை. "ரெண்டு பக்கமும் சுழிக்காரி, விஷயம் முடிஞ்சது" என்று இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவார்.

அவருடைய மருமகள் குதிரை டாக்டர். வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே லாயத்துக்கு டாக்டராக வந்தவள். "குதிரையைப் பாக்க வந்த பொண்ணை என் பையனையும் பாக்க வச்சேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் சந்தோஷம் உண்டு. பெற்ற அப்பாவைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவள். மாமனார் தன்னை நாலு பேர் முன்னால் "எங்க டாக்டர்" என்று சொல்லும்போது அவளுக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அவர் விஷயத்தை எடுத்தார். குதிரை வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அவரைப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

"நான் வாயால சொன்னா கதை விடுறேங்கிறானுங்கம்மா. நீ கம்ப்யூட்டர்ல போட்டு எண்ணிக்கையாக் காட்டிடு. அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் வாயடைச்சுப் போகணும்."

பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வேறொரு கொள்கை. ஓடுகிற குதிரைக்கு இதயம் பெரிதாக இருக்கும், அந்த இதயம் தாய் வழியாக மட்டுமே இறங்கும் என்பது அவர் கட்சி. இன்னும் சிலர் எந்தத் தந்தை வழிக்கு எந்தத் தாய் வழி பொருந்தும் என்று ஜாதகம் பார்க்காத குறையாக அட்டவணை வைத்திருந்தார்கள். முன்னோர்களின் வேகத்துக்கும் தாக்குப்பிடிக்கும் சக்திக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிக் கழிப்பவர்களும் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் சேர்த்தே பாத்துடறேன் மாமா" என்றாள் அவள்.

மருந்து வைக்கும் அறையின் மூலையில், தடுப்பூசிக் குளிர்பெட்டியின் உறுமலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தயப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி அவள் வேலையைத் தொடங்கினாள். முதலில் வந்த விடை மாமனாருக்குச் சாதகமாகவே இருந்தது. ஓடிய குதிரைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சுழிக்காரி உள்ளவை மற்றவற்றைவிட அதிகம் வென்றிருந்தன. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். கணவனிடம்கூட, "உங்க அப்பா சொன்னது சரியாத்தான் இருக்கும்போல" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஒரு பெண் குதிரைக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதே குதிரை போன மழைக்காலத்தில் போட்ட குட்டியின் நினைவு வந்தது. முன்னங்கால்கள் உள்பக்கமாக மடங்கிப் பிறந்த குட்டி. அவளே ஊசி போட்டு முடித்துவைத்தாள். அதற்கும் இரண்டு பக்கமும் சுழிக்காரிதான். ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குட்டி பந்தயக் கணக்கில் எங்கே இருக்கும்?

கையுறையைக்கூடக் கழற்றாமல் தன் கையில் பிறந்தவற்றை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டாள். தனக்கு முன் இருந்த டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தாள். மூச்சுத் திணறிப் போனவை, எலும்பு தாங்காமல் பயிற்சியிலேயே கால் உடைந்தவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் சேர்த்ததும் விடை சாய ஆரம்பித்தது. ஒரே தாய் வேறு ஆண் குதிரைகளுக்குப் பெற்ற குட்டிகளோடு ஒப்பிட்டதும் அது முழுசாகவே விழுந்துவிட்டது. மாமனார் தம் கொள்கைக்கென்று எப்போதும் சிறந்த தாய்களையே ஒதுக்கியிருந்தார். குட்டி பிறந்தால் சிறந்த பயிற்சியாளரிடமே அனுப்பினார். அந்தத் தாய்கள் யாரோடு சேர்ந்திருந்தாலும் நல்ல குட்டிதான் போட்டிருப்பார்கள். சுழிக்காரியால் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. நொண்டிக் கால்கள்தான் கூடுதல்.

மற்ற கொள்கைகளையும் அதே தராசில் நிறுத்தினாள். பெரிய இதயம், பொருத்தம், மதிப்பெண் எதுவும் தேறவில்லை. நல்லா ஓடினவளை நல்லா ஓடினவனோடு சேர்த்தால் கொஞ்சம் நல்லது நடக்கலாம். அதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரும் தோற்றார் என்பதையாவது மாமனாரிடம் முதலில் சொல்லலாம் என்று அவள் அல்பமாக ஒரு ஆறுதல் தேடிக்கொண்டாள்.

கணவனிடம்தான் முதலில் சொன்னாள். கேட்டதும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினான், யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி.

"இத அவர்கிட்டச் சொல்லியே ஆகணுமா?"

"கேட்டது அவர்தானேங்க."

"அவர் கேட்டது இதையில்ல. அம்மா போனப்புறம் அவருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?"

"அவர் பேச்சைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் இதே மாதிரி சேர்ப்பாங்க. அந்தக் குட்டிங்களை யார் வந்து முடிச்சுவைக்கறது?"

அவன் சன்னலை மறுபடி திறந்துவைத்தான்.

அவள் மாமனாரின் அறைக்குப் போனபோது அவர் கூட்டத்துக்கான சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கச் சோம்பேறியின் படங்கள். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும். அது அவளுக்குத் தெரியும்.

"அப்போ இவன் எப்படி வந்தான்?" என்று சுவரைக் காட்டினார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

"நல்லா ஓடினவங்களுக்குப் பிறந்தான் மாமா. நீங்க நல்லா வளத்தீங்க. அதுக்கு மேல அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம்." அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்ப்பவர்போலச் சொன்னார். "அப்போ நான் இத்தனை வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தேன்? சீட்டு ஆடிட்டிருந்தேனா?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கூட்டத்துக்கு அவர் போனார். எண்ணிக்கை எதையும் காட்டாமல் பழைய பேச்சையே பேசிவிட்டு வந்தார். நல்ல கைதட்டல் என்று ஓட்டுநர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் "எங்க டாக்டர்" என்ற சொல் நின்றுபோனது. தேவையென்றால் மகனிடம், "அவங்களை வரச் சொல்லு" என்பார். மரியாதையைப் போன்ற தண்டனை வேறில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

சினைப் பருவம் தொடங்கியதும் அவர் ஒரு முடிவோடு வந்தார். சோம்பேறியின் சொந்தத் தங்கையைச் சுழிக்காரியின் கடைசி மகனோடு சேர்க்கப் போகிறார். இதுவரை செய்ததிலேயே மிக நெருக்கமான உறவு அதுதான். லாயத்தில் வேலை செய்தவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம் மாமா" என்றாள் அவள்.

"உங்களுக்கு இஷ்டமில்லேன்னா வெளியிலேருந்து டாக்டர் வரட்டும்" என்றார். அவளை 'உங்களுக்கு' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியிலிருந்து வருகிறவர் தங்கையைத் தன் அளவுக்குக் கவனிக்கமாட்டார் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, அவளே ஸ்கேன் செய்தாள். எந்த நாளில் சேர்க்கலாம் என்று அவளே குறித்தும் கொடுத்தாள். அது தங்கையின் மேலிருந்த அக்கறையா, மாமனார் மறுபடி தன்னை ஏறெடுத்துப் பார்க்கவேண்டும் என்ற ஏக்கமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சினை பிடித்தது. அதன்பின் ஒவ்வொரு ஸ்கேனிலும் அவள் குட்டியின் கால்களைத்தான் தேடினாள்.

குதிரைகள் பகலில் குட்டி போடுவது அபூர்வம். தங்கை மட்டும் வெயில் ஏறிய வேளையில் வைக்கோலில் படுத்தாள். சிரமமில்லாமல் வந்தது பெண் குட்டி. கரும்பழுப்பு நிறம், மாமன் சோம்பேறியின் அதே அகன்ற நெற்றி. மாமனார் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். குட்டி எழ முயன்றது. முன்னங்கால்கள் இரண்டும் முட்டிக்குக் கீழே மடங்கியே இருந்தன. மூக்கு தரையில் இடித்தது. மறுபடி முயன்றது.

இப்படி ஏதாவது நடந்தால் அவர் அலுவலக அறைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். எல்லாம் முடிந்தபின்தான் வெளியே வருவார். இந்த முறை போகவில்லை.

அவளும் கணவனும் சேர்ந்து கால்களை நிமிர்த்திக் கட்டை வைத்துக் கட்டினார்கள். தாயின் மடியிலிருந்து பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினார்கள். சில நாள் குட்டி கட்டோடு நின்றது. இரண்டு எட்டு வைத்தும் காட்டியது. கணவன் குழந்தை மாதிரி கத்தினான். அப்புறம் ஒரு மூட்டில் சீழ் வைத்தது. கழுவினாள், மருந்தை மாற்றினாள். அது மற்ற மூட்டுக்கும் பரவியது. குட்டி பால் குடிப்பதை நிறுத்திவிட்டது.

"முடிச்சுடலாம் மாமா. இனிமே வலி மட்டும்தான்" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். வெளியே போவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரமப்பட்டு வைக்கோலில் உட்கார்ந்து, குட்டியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் ஊசியைச் செலுத்தினாள். கழுத்தில் கை வைத்துத் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் நீ இப்படித்தான் பண்ணியாம்மா?"

"ஆமா மாமா."

"நான் ஒருநாள்கூடக் கூட இருந்ததில்லையே." வெகுநேரம் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொன்னதுதான் சரி. இதோ கண்ணெதிரே கிடக்குதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒரு வருஷம் ஏங்கியிருந்தாள். அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்ல மாமா. இந்த ஒரு குட்டியை வச்சு எதுவும் சொல்ல முடியாது. சோம்பேறியை வச்சு எப்படிச் சொல்லக்கூடாதோ, அதே மாதிரிதான் இதுவும். இப்படிச் சேர்த்தும் நல்லா நின்ன குட்டிங்க இருக்கு. மொத்தமாப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் உதட்டோரம் லேசாகக் கோணியது. "ஜெயிச்சதைக்கூட ஒழுங்கா எடுத்துக்கத் தெரியலையேம்மா உனக்கு" என்றார். மறுபடி 'உனக்கு' வந்துவிட்டது. அவள் வைக்கோல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அடுத்த பருவத்தில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதை அவர் அவளிடமே விட்டுவிட்டார். அது பெரிய கௌரவம் என்று கணவன் நினைத்தான். அவளுக்கோ மற்றவர் கொள்கையை உடைத்தது சுலபமாக இருந்தது. கையில் எந்தக் கொள்கையும் இல்லாமல் ஒரு பெயரைச் சொல்வதுதான் பெரும்பாடு. எந்த ஆண் குதிரையைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது, எதைப் பார்த்தாலும் பயமாகவும் இருந்தது. கடைசியில், உறவே இல்லாத, சுமாராக ஓடிய ஒருவனைச் சோம்பேறியின் தங்கைக்குத் தேர்ந்தெடுத்தாள். அவன் குட்டிகள் நொண்டுவதில்லை என்பது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த காரணம்.

"இதுக்குப் பேர் என்ன கொள்கை?" என்று மாமனார் கேட்டார்.

"கொள்கையெல்லாம் இல்ல மாமா. எனக்கு அதுக்கு மேல தெரியல."

அந்தச் சேர்க்கையில் ஒரு மகள் பிறந்தாள். நேரான கால்கள். பந்தயத்துக்கும் போனாள், நடுவில் ஓடினாள், நடுவிலேயே முடித்தாள். அவள் முதன்முறையாக ஓடிய நாளன்று பெரிய கோப்பை பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போனது. அவர் மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பெரிய இதயத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். இவர்கள் பண்ணைக்கு வழக்கமாகச் சேர்க்கைக்குக் குதிரை அனுப்புகிற இரண்டு பேர் அவர் கையைக் குலுக்கக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். கணவன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவருக்கு வந்தது அதிர்ஷ்டம்னு யாராவது சொன்னாக் கேப்பாரா?" என்றாள் அவள்.

"நான் கேட்டேனா?" என்றார் மாமனார். "வா, நம்ம பொண்ணு கால்ல சூடு, வீக்கம் இருக்கான்னு பாத்துட்டு வரலாம்."

இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாயத்தின் பக்கம் நடந்தார்கள். வருகிற பருவத்துக்கு யாரைச் சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.