முடிவு நேரம் கேட்கும் கட்டம்

மருத்துவமனைக் கணினிக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. யார் எந்த வகை, எது எதற்குப் பிறகு நடக்கும் என்று விதி எழுதிவைப்பேன். என் விதியில் ஓட்டையே இருக்காது என்று போவோர் வருவோரிடமெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். போன வாரம்தான் அந்த விதிகளோடு கணினி ஓடத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை, அங்கேயே நர்ஸாக இருக்கும் என் தங்கை பிரசவ வலியோடு வந்தாள். சேர்க்கை மேசையில் இருந்த அம்மா அவள் ஊழியர் எண்ணைத் தட்டினார். செவிலியர் நோயாளி ஆக முடியாது என்றது திரை. டாக்டர் அவளை உள்ளே அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். ஆனால் கணினியோடு இணைத்த மருந்து அலமாரி சேர்க்கை எண் இல்லாமல் திறக்காது.

"அக்கா, நான் நோயாளி ஆகலாமா கூடாதா? சீக்கிரம் சொல்லு," என்று பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டாள் தங்கை.

நாய் வேறு பூனை வேறு என்பதுபோல நர்ஸ் வேறு, நோயாளி வேறு என்று பிரித்த மகராசி நானேதான். நர்ஸுக்கும் உடம்பு உண்டு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

பிரசவ அறை வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஆள் அவளேதான், நர்ஸாக இருப்பதும் நோயாளியாக இருப்பதும் அவள் வாழ்க்கையில் நடப்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க நேரம், ஒரு முடிவு நேரம். இரண்டும் சேர்ந்தே ஓடலாம். விதியை மாற்றினேன். நர்ஸுக்கு ஓய்வு பெறும் தேதியும், நோயாளிக்கு வீடு திரும்பும் வெள்ளிக்கிழமையும் முடிவாகப் போட்டேன். ஒன்பதாவது நிமிடம் அலமாரி திறந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பதினொன்று இருபதுக்குப் பெண் குழந்தை. அழுகை வாசல்வரை கேட்டது. சந்தோஷம் தாங்காமல் நானும் கூடவே அழுதேன்.

மதியம் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து அவள் பதிவை நானே போட்டேன். தாய், தொடக்கம் 11:20. முடிவு நேரம் இல்லாமல் சேமிக்க மாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. காலை அவசரத்தில் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கித் தொலைத்திருந்தேன்.

"அம்மாவா இருக்கிறது எப்ப முடியும்னு கேக்குதுடி. என்ன போடட்டும்?"

அவள் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இது முடியற வேலை இல்லன்னு உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்குடு."

அந்தக் கட்டம் காலியாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். பிறகு கீழே இன்னொரு வரி சேர்த்தேன். பெரியம்மா, தொடக்கம் 11:20. முடிவுக் கட்டத்தைத் தொடாமல் சேமித்தேன்; மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.